ஒன்பது விசில்

மேட்டுப்பாளையத்தில் நாலு விசில் போதும்.
இங்கே ஒன்பது.
தண்ணீர் என்னவோ சீக்கிரமே கொதித்துவிடுகிறது.
கொதிப்பது வேறு, வேவது வேறு என்பதை
முதல் வாரம் சுண்டல் வாங்கியவர்கள்
பொட்டலத்தைத் திருப்பி நீட்டிச் சொன்னார்கள்.

ஊர்ப் பெயரே காந்தல்.
அடிப்பிடித்தால்கூட மன்னிப்பார்கள்,
நறுக்கென்று கடிபட்டால் மாட்டார்கள்.

கூடுதல் ஐந்து விசிலுக்கு எவ்வளவு கேஸ்?
சிலிண்டரை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பேன்.
கை சொல்லும்:
வியாழன் வரை.

வண்டியில் பாதி ஜெயசீலிக்கு.
காலையில் அவள் ஆப்பம்,
மூன்று மணிக்கு மேல் நான்.
நடுவில் கழுவித் துடைக்கிற ரெண்டு குடம் தண்ணீர்
யார் முறை என்பதில்தான் சண்டை,
மற்றபடி அவள் உப்பு என் உப்பு.
பல்புக்கு டெய்லர் கடையிலிருந்து வயர் வருகிறது.
ராத்திரிக்கு இருபது ரூபாய்,
கரண்ட் போன ராத்திரிக்கும்.

மூட்டம் இறங்கினால் வியாபாரம்.
கேரட் கழுவிவிட்டு வருகிற பெண்கள்
வாங்கியதும் சாப்பிட மாட்டார்கள்.
விரல் மடங்கும்வரை
இரண்டு கைக்குள்ளும்
பொட்டலத்தைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள்.
அதற்குத் தனியாகக் காசு கேட்கத் தெரியவில்லை எனக்கு.

தினவசூல் அல்போன்ஸுக்கு நூற்றுப்பத்து.
மழையென்றால் என் தார்ப்பாய்க்குள் ஒதுங்குவார்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே மெல்லுவார்,
"எழுதிக்கோங்கக்கா."
எழுதினேன்.
மகளுடைய கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்திலிருந்து
முன்பக்கம் நோக்கி.

ஆடி மாதம் ஒரு மூன்று நாள்
மேடு தெரியவில்லை, பள்ளம் தெரியவில்லை,
வாங்க ஆளே இல்லை.
நாலாம் நாள் வந்து நின்றார்.
பாக்கி மூணு நாள், என்றார்.
நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

இருபத்திரண்டு பொட்டலம்.
பதினைந்து வீதம்.
விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்,
இரண்டு இடத்தில்
"அன்னிக்கு நான் வரலையே" என்று பார்த்தார்,
பிறகு ஹெல்மெட்டுக்குள்ளேயே தலையாட்டினார்.
அவருடைய நீள நோட்டில்
மூன்று கட்டத்தில் மூன்று டிக்.

போகவில்லை.
நனைந்த பத்து ரூபாயும்
ஒரு அஞ்சு ரூபாய்க் காசும் எடுத்துப் பலகையில் வைத்தார்.
"இது காசுக்கு" என்றார்.

குக்கரில் அப்போதுதான் ஆறு.

இருங்க, என்றேன்.
இன்னும் மூணு இருக்கு.