அளவுப் புத்தகம், பக்கம் 47

பணி: ஊரணி தூர்வாரி ஆழப்படுத்துதல்.
இடம்: சாயல்குடிக்குத் தெற்கே,
கடல் கண்ணுக்குத் தெரியாமல்
காதுக்குத் தெரிகிற தூரம்.
மதிப்பீடு: ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம்,
படிக்கட்டு, வேலி உட்பட.
ஆழம்: இரண்டு மீட்டர்.
நீர்வடிப் பகுதி மேம்பாட்டு நிதி.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாகாவிட்டால்
வந்த வழியே போய்விடும்.

நான் பணி மேற்பார்வையாளர்.
ஒரு டேப், ஒரு ஸ்கூட்டி,
பதினோரு ஊராட்சிக்கு ஒரே ஆள்.
இரண்டு மீட்டர் என்று எழுதியது நான்தான்,
பரமக்குடிப் பக்கம் ஒரு குளத்துக்குப் போட்ட மதிப்பீட்டை எடுத்து
பெயரை மட்டும் மாற்றி.
இதை யாரும் கேட்கவில்லை.
நானாகச் சொல்கிறேன்.

ராயப்பு ஜேசிபியை இறக்கினான்.
முதல் நாள் வண்டல்.
மறுநாள் பிளாஸ்டிக் பை, ஒரு சைக்கிள் ரிம்,
விடாப்பிடியாகச் சீமைக்கருவேல வேர்.
மூன்றாம் நாள் வெள்ளை மணல்.
அதில் நகக்கண் அளவுச் சிப்பிகள்,
கடல் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன வீட்டில்
எடுக்க மறந்த சாமான்.

ஒன்றே கால் மீட்டரில்
சீனி உம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.
கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.
ஊறிக்கொண்டிருந்ததை மொண்டு
ராயப்புவுக்குக் கொடுத்தாள். அப்புறம் எனக்கு.
இளநீருக்கு ஒரு படி கீழே.

"இன்னும் ஒரு முழம் தோண்டுங்க,
இப்பக் குடிச்சதத் துப்புவீங்க.
இங்க நல்ல தண்ணி மேலாப்புல மிதக்குது, பாலாடை மாதிரி.
கரண்டிய ஆழமா விட்டா
ஆடை கிழிஞ்சிரும்."

இறால் குட்டைக்காரர் தன் கிணற்றை
அப்படித்தான் கிழித்தார்.
அதில் இன்று சோப்புக்கூட நுரைப்பதில்லை.

போன் போட்டேன்.
உதவிப் பொறியாளர் தங்கக்கனி சொன்னார்:
"ஆழம் குறைஞ்சா பில் குறையும்.
மிச்சத்தச் சரண்டர் பண்ணணும்.
பண்ணிட்டா, இந்த ஒன்றியத்துக்குத்
தண்ணிப் பணம் தேவையில்ல போலன்னு
அடுத்த வருஷம் கை விரிச்சிருவாங்க."
கெட்டவர் இல்லை.
பதினெட்டு வருடம் இந்தக் கரைக்கு நிதி கேட்டுக் கேட்டு
குரலில் உப்புப் பூத்தவர்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார்:
"தோண்டுறத நிறுத்திக்கம்மா.
எழுதுறத ரெண்டுன்னே எழுதிக்க."

நல்ல யோசனை.
தண்ணீர் தப்பும். பணம் தப்பும்.
ராயப்புவின் வாடகை பாக்கி தப்பும்.
பேனாவைத் திறந்தும் விட்டேன்.

ஆனால் இந்தப் பக்கத்தை
நாளை ஒருத்தி எடுப்பாள்.
பெயரை மட்டும் மாற்றி
ஒப்பிலானுக்கோ மாரியூருக்கோ
இரண்டு மீட்டர் என்று போடுவாள்.
அங்கே டம்ளரோடு
யாரும் வராமல் போகலாம்.

நீளம் நாற்பத்தெட்டு.
அகலம் முப்பத்தாறு.
ஆழம் ஒன்று புள்ளி இரண்டு ஐந்து.
கட்டங்கள் முடிந்துவிட்டன.
ருசிக்குக் கட்டம் இல்லை.
ஓரத்து வெள்ளையில்
"கீழே உப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் திரும்பிப் போனது.
தங்கக்கனி சார் ஒரு வாரம்
கோப்புகளை மட்டும் பார்த்துப் பேசினார்.

ஜூலையில் தணிக்கைக் கடிதம்:
மதிப்பீட்டுக்கும் அளவுக்கும் வேறுபாடு ஏன்?
தக்க ஆதாரம் இணைக்கவும்.

இணைப்பதற்காக ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன்.
ஊரணி, ஆழம், தேதி எல்லாம் எழுதி
லேபிள் ஒட்டி மேஜையில் வைத்தேன்.
கரண்ட் போயிருந்த ஒரு மதியம்
தபால்காரர் கேட்காமலே எடுத்து
அண்ணாந்து பாதியைக் குடித்துவிட்டு,
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"எந்த ஊருத் தண்ணி இது?"

பதில் இன்னும் எழுதவில்லை.
மீதிப் பாதிக்கு
மூடி போட்டு வைத்திருக்கிறேன்.