துடுப்பு சாய்ந்திருந்தால்

குலுக்கலில் பெயர் விழுந்தது,
மணவிலக்கு ஆகிப் பதினோரு மாதம் கழித்து.
யூட்டாவின் சான் ஹுவான் ஆறு, ஆறு இரவுகள்,
ஒரே அனுமதிச் சீட்டில் என் பெயரும் ஓரினின் பெயரும்.
விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை.
"டாம்சினையும் கூட்டி வருவேன்" என்றான்.
"வா. கக்கூஸை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பாலைவன ஆற்றின் விதி:
கொண்டு போனதையெல்லாம் கொண்டு வர வேண்டும்,
வயிற்றில் கொண்டு போனதையும்.

கடையில் மூன்று இருந்தன.
மடக்கு நாற்காலி, நடுவில் ஓட்டை, கீழே பை;
மணலில் ஒரு கால் புதைந்தால் கதை முடிந்தது.
நீலத் திரவம் குலுங்கும் வெள்ளைப் பெட்டி,
அமுக்கினால் வீட்டைப் போலவே தண்ணீர் வரும்.
வீடு எனக்கு அலுத்திருந்தது.
மூன்றாவது அலுமினியத் தொட்டி,
ரப்பர் வளையம் பதித்த மூடி, இரு பக்கமும் கைப்பிடி,
ஐம்பது முறைக்குத் தாங்கும் என்று ஒட்டியிருந்தது.
விரல் மடக்கினேன்:
மூன்று பேர், ஆறு நாள், ஓரினின் காலைக் காப்பி.
போதும்.
ஜீன்ஸோடு கடை நடுவிலேயே உட்கார்ந்து பார்த்தேன்.
முட்டி முகவாயை இடிக்கவில்லை.
விற்கிற பையன் அந்தப் பக்கம் திரும்பிக்
கூடார ஆணிகளை எண்ணத் தொடங்கினான்.

முன்பெல்லாம் பட்டாளத்துத் தோட்டாப் பெட்டிதான்.
எழுந்தால் தொடையில் இரண்டு கோடு,
தண்டவாளம் மாதிரி.
பாகப்பிரிவினையில் அது அவனுக்குப் போனது,
நான் தகராறு செய்யாத ஒரே பொருள்.

முதல் மாலை டாம்சினுக்குச் சொன்னேன்:
சிறுநீர் ஆற்றில். தொட்டியில் கலந்தால் நாறும், சீக்கிரம் நிறையும்.
முடிந்ததும் ஒரு கரண்டி பொடி.
பாதை முகப்பில் துடுப்பு சாய்ந்திருந்தால் இடம் காலி.
போகும்போது எடுத்துப் போ, வரும்போது வைத்துவிடு.
தாழ்ப்பாள் அவ்வளவுதான்.
விமானத்தில் பாதுகாப்பு விளக்கம் கேட்பவள் போலத்
தலையாட்டினாள்.

இரண்டு நாள்
துடுப்பு எனக்காகவும் அவனுக்காகவும் மட்டுமே நகர்ந்தது.
மூன்றாம் இரவு அவள் பீன்ஸைத் தொடவில்லை.
"தலைவலியா?" என்று கேட்டான்.
அவனுக்குப் பெண்களிடம் தெரிந்த ஒரே நோய்.

அவன் குறட்டை விடத் தொடங்கியதும்
தொட்டியை இடுப்பில் அணைத்துத் தூக்கிப் போய்
சவுக்குப் புதருக்குப் பின்னால் வைத்தேன்,
ஆடாமல் இருக்கத் தட்டைக் கல் ஒன்று அடியில்.
அவள் தணலருகே விழித்திருந்தாள்.
"வா."
"கேட்குமே."
"என்ன கேட்கும்?"
"எல்லாம். பாறை திருப்பிச் சொல்கிறது."
உண்மைதான். பகலில் ஓரினின் தும்மல்
மூன்று தடவை திரும்பி வந்திருந்தது.

பானையையும் கரண்டியையும் எடுத்தேன்.
முதுகைக் காட்டி நின்று தட்டினேன்.
எனக்குத் தாளம் வராது, தட்டினேன்,
எதிர்ப்பாறையும் தட்டியது,
நட்சத்திரங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க.
கூடாரத்துக்குள்ளிருந்து குரல்: "கரடியா?"
"ஆமாம், படு."

வெகு நேரம் கழித்து வந்தாள்,
துடுப்பைத் தோளில் சாத்தி,
கோட்டை ஒன்றைப் பிடித்துவிட்டு வருகிறவள் போல.
பீன்ஸ் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

வெயிலில் தொட்டி உப்பும்.
நடுப்பகலில் காற்றுத் திசை பார்த்து
திருகைக் கொஞ்சம் தளர்த்தி மூச்சுவிட வைக்க வேண்டும்.
பதினெட்டு ஆண்டில் நானும் ஓரினும்
ஒரு நாளும் செய்யாதது.

ஏழாம் நாள் கரையேறி,
ஊர் எல்லையில் தொட்டி கழுவும் இயந்திரம்.
அவன் படகுக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
ஒரு கைப்பிடி அவள், ஒரு கைப்பிடி நான்.
போகும்போது ஒற்றைக் கையில் வந்த தொட்டி.
பேசவில்லை, மூச்சைப் பிடித்திருந்தோம்.
இயந்திரம் நாணயம் கேட்டது.
அவள் பையைத் துழாவி ஒவ்வொன்றாய்ப் போட்டாள்.
தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்:
"அடுத்த வருஷமும் குலுக்கலுக்கு எழுதுவீர்களா?"
"யார் யார் பெயரில்?" என்றேன்.