கேனின் எடை

ஆய்வுகூடத்தில் என் வேலைக்குப் பெயர் உதவியாளர்.
உள்ளபடி சொன்னால் கேன் தூக்குகிறவன்.
குளோரோபோமும் ஹெக்ஸேனும் கழுவிவிட்ட மிச்சம்,
இருபது லீற்றர், வெள்ளிதோறும்
பின்கதவால் கொட்டகைக்கு.
ஜும்ஆவில் நிற்கும்போதும்
சட்டைக்குள் அந்த மணம் நிற்கும்.

ஒரு கிராமுக்கு எத்தனை கேன் மிஸ் என்று
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
மயூரதி மிஸ் பதில் சொல்லவில்லை.
அடுத்த மாதம்
தேசிக்காய் வாங்கிவரச் சொன்னா.

நிலாவெளிச் சந்தியில் கடைக்காரன்,
'கந்தூரியா நானா?' என்றான்.
'பிரஷர் மருந்துக்கு' என்றேன்.
எலுமிச்சைச் சிரிப்பொன்று சிரித்தான், புளிப்பாய்.

கரைப்பான் இருந்த இடத்தில் தண்ணீர்.
அமிலம் இருந்த இடத்தில்
நான் பிழிந்து வடித்த சாறு.
அல்டிஹைட், எஸ்டர், அமோனிய உப்பு,
மூன்றும் சேர்ந்து சூடாக வேண்டிய நேரம்
கரண்ட் போனது.
மிஸ் காத்திருக்கவில்லை.
கறுப்புப் பூசிய மூடிச்சட்டிக்குள் குடுவையை இறக்கி
மொட்டைமாடியில் வைத்தா, சித்திரை வெயிலுக்கு.
கண்ணாடிக்கோல் என் கையில்.
தூரத்தில் கோதுமைக் கப்பல்
குடாவுக்குள் திரும்பத் திரும்ப,
நான் கிண்டக் கிண்ட,
நாலு மணி.

திறந்தால் மஞ்சள்.
அவித்த புட்டுப்போல் உதிரும் மஞ்சள்.

'கெதியா மூடுங்க நானா,
வெயிலில வெந்தது, ஆனா
வெளிச்சம் பட்டா உடைஞ்சிரும்.'
கபிலப் போத்தல். அதன்மேல் ஈயத்தாள்.
கொப்பியில் பெயர் இல்லை, இலக்கம்தான்: நாற்பத்தொன்று.
இரத்தக்குழாயின் சுவரில்
கல்சியம் நுழையும் வாசலை
இது சாத்தலாம்.
சாத்தாமலும் விடலாம்.
எலிகள் சொல்ல வேண்டும், பிறகு வருஷங்கள் சொல்ல வேண்டும்.
'மருந்தெண்டு வெளியில சொல்லிப்போடாதீங்க.'
தேசிக்காய்க் கடையில்
ஏற்கெனவே சொல்லியாயிற்று.

கிண்ணியாக் கிளினிக்கில் கையில் பட்டி இறுகியது.
நூற்றியறுபதுக்கு நூறு.
கருவாட்டைக் குறைக்கச் சொன்னா நேர்ஸ்.
ஒரு மாத வெள்ளை வில்லைகள், கடதாசிப் பையில்.
பாலத்தில் பஸ் ஊரும்போது
பையைக் குலுக்கிப் பார்த்தேன்.
இதற்கும் எங்கேயோ ஒரு பின்கதவு இருந்திருக்கும்.
எவனோ ஒருவன்
மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கியிருப்பான்.

இந்த வெள்ளி, பழக்கத்தில் தம் கட்டி
கேனை இழுத்தேன்.
கை தோளுக்கு மேலே போய்விட்டது.
அடியில் ஒரு கோப்பையளவு,
மஞ்சள் அலம்பிய தண்ணீர்,
மூடியைத் திறந்தால் தேசிக்காய்.

ஆனாலும் கானுக்குள் ஊற்றவில்லை.
துண்டொன்றில் எழுதி ஒட்டினேன்:
திகதி, அளவு, என் கையெழுத்து.