ஏழாம் கதவு

இரவு பதினொன்றே கால். பெரம்பூர் லோகோ ஸ்டேஷன் வாசல்.
மழை நின்றுவிட்டது.
டீக்கடைத் தார்ப்பாய் மட்டும் இன்னும் பெய்துகொண்டிருந்தது.
நாலு பேர், மூன்று டீ,
ஜெரால்டுக்குப் புளிச்ச ஏப்பம் என்பதால் ஒரு கிளாஸ் வெந்நீர்.
பேச்சு எங்கள் பழைய வழக்கு:
வெர்மோரா வரிசையில் உருப்படியான விளையாட்டு எது?

ஜெரால்டுக்கு இரண்டாம் பாகம்தான் வேதம்.
"அதுல நீ செஞ்சது எல்லாம் உன்னைத் தேடி வரும்டா.
முதல் ஊர்ல உப்பு வியாபாரிக்குப் பாலம் திறக்கலைன்னு வை,
முப்பது மணி நேரம் ஆடினப்புறம்
அவன் பொண்ணு வாளோட வந்து நிப்பா.
பேர்கூடச் சொல்ல மாட்டா."
சண்டை சுமார்தான், அதை அவனே ஒத்துக்கொள்வான்.
வாள் வீசினால் துடைப்பம் வீசின மாதிரி இருக்கும்.
குதிரை படியேறினால்
படி குதிரைக்குள் ஏறும்.

நான்காம் பாகத்துக்கு வக்காலத்து வாங்க ஆளில்லை.
தில்ஷாத்தான் பாவம் பார்த்தாள்:
"தண்ணிய அழகா வரைஞ்சிருப்பாங்க."
"செம்பரம்பாக்கம் மாதிரி பெருசு" என்றான் இளவழுதி,
"ஆனா எப்பவும் மே மாசம்."
எவ்வளவு நடந்தாலும்
தலைமேல் கேள்விக்குறி தொங்கும் நூறு பேர்.
நூறு பேருக்கும் பத்துப் பத்து ஓநாய்த் தோல் வேண்டும்.
ஆயிரம் ஓநாய் தின்ன
அந்தக் காட்டில் ஒரு முயல்கூடக் கிடையாது.
நான் தேடியிருக்கிறேன்.

தில்ஷாத்தின் கட்சி மூன்றாம் பாகம்.
ஊரே திட்டும், பாதி வெந்து இறக்கிய மூன்றாம் பாகம்.
விளக்கை விற்றால் படகுக்காரி தரைக்குள் விழுந்துவிடுவாள்.
குரல் மட்டும் கரையில் நின்று
"அக்கரைக்கு ரெண்டு காசு" என்னும்.
"இருக்கட்டும்" என்றாள்.
"பை நாப்பது படி எடைதான் தாங்கும்.
ஒவ்வொரு ஊரை விட்டுக் கிளம்புறப்பவும்
எதையாவது வெச்சிட்டுத்தான் போகணும்.
மத்த பாகத்துல எல்லாம்
பன்னெண்டு கவசத்தைச் சுமந்துகிட்டு மலை ஏறுறான், வெக்கமில்லாம."
போன மாதம்தான் வீடு மாறியிருந்தாள்,
கொளத்தூரிலிருந்து அயனாவரம். ஒரே ஆட்டோவில்.

நான் முதல் பாகத்தின் வக்கீல். பன்னிரண்டு வருடமாக.
முகங்கள் கட்டம் கட்டமாக இருக்கும், சரி.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதே புல்லாங்குழல், சரி.
ஆனால் அந்த முடிவு!
ஏழாம் கதவில் ராஜா இறங்கி வந்து
நம் சாவியை வாங்கிப் பூட்டுவான்.
உள்ளே நிற்பது அவனா நாமா
தெரிவதற்குள் திரை கறுத்துவிடும்.
"இதுக்கு ஈடா ஒண்ணு காட்டு" என்பேன்.
இந்த இடத்தில் எல்லோரும் அடங்கிவிடுவது வழக்கம்.

இளவழுதி அடங்கவில்லை.
"சாவிய எந்தக் கையில வாங்குவான்?"

டீ கிளாஸை இரண்டு சுற்று சுற்றினேன்.
ரிச்சி தெருவில் நாற்பது ரூபாய் டிவிடி.
ஆறாம் கதவு தாண்டினால் நீலத் திரை.
பனியனால் துடைத்தேன், பற்பசை தேய்த்தேன்,
சாமி படத்தடியில் ஒரு ராத்திரி வைத்தும் பார்த்தேன்.
நீலம்.
"நான் பார்த்ததில்ல" என்றேன்.
"முடிவைச் சொன்னது ஜெரால்டு. அரக்கோணம் லோக்கல்ல வெச்சு."

ஜெரால்டு வெந்நீரைக் கீழே வைத்தான்.
"நானா? எனக்கே தில்ஷாத் சொல்லித்தான் தெரியும்."
தில்ஷாத் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.
சிரிப்பு நிற்காமலே விரலை என் பக்கம் நீட்டினாள்.

சரக்கு ரயில் ஒன்று போனது.
எண்ணிவிடலாம் போல அவ்வளவு மெதுவாக.
"ஒரே டிவிடியத்தான் நாலு பேரும் காப்பி அடிச்சோம்" என்றான் இளவழுதி,
கடைசிப் பெட்டி போனபிறகு.
உண்மை முடிவைத் தேட போனை எடுத்தான்.
தில்ஷாத் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள்.
"நாப்பது படி தாண்டல."

கடைக்காரர் தார்ப்பாயை ஓர் ஓரமாகத் தூக்க,
தேங்கின மழை மொத்தமும் ஜெரால்டின் செருப்பில்.
அவன் கவனிக்கவில்லை.
"இடது கை" என்றான். "இடது கையிலதான் வாங்குவான்.
வலது கையில காயம்."

"காயமா? அத யார் சொன்னது?"

"இப்ப நான்தான்."