இதர

ஐந்து வருடச் சீட்டை எடுத்து வந்திருக்கிறோம்,
நானும் கோமளாவும்.
பனியன் கம்பெனியில் நான் கணக்கு, அவள் செக்கிங்.
மயேபூர் அறையில், மின்விசிறிக்குக் கீழே
நோட்டைப் பிரித்துக் கோடு போட்டேன்.
அறை வாடகை ஊரிலேயே கட்டியாயிற்று.
மீதி, ஆளுக்கு நாளுக்கு எழுநூறு:
பேருந்து, சாப்பாடு, தண்ணீர், இதர.
அந்த ஊர் ரூபாய். நம்முடையதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு
என்று நான் ஆரம்பித்தாலே
காதைப் பொத்திக்கொள்வாள்.
இதர, ஐம்பது என்று எழுதினேன்.
"ஐம்பதில் என்ன இதர வரும்?" என்றாள்.

முதல் நாள் கடல் இலவசம்.
கடற்கரைக் கழிப்பறை பத்து.
கோமளா இரண்டு தரம் போனாள்.
எழுதினேன்.

திங்கள்கிழமைச் சந்தையில்
மசால்வடைக்குத் தங்கச்சி மாதிரி ஒன்று.
காத்தோ பிமா என்றார்கள்.
விற்றவர் பெயர் வேலெய்தோன்,
வேலாயுதன் கப்பலேறி
வாய்க்கு வாய் வழுக்கி அப்படி ஆகியிருக்கிறது.
நான் நீட்டிய நோட்டில் தமிழ் இருந்தது.
எழுத்தின்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.
"இருநூறு" என்றேன்.
"இருநூறு" என்றார், றகரம் சறுக்க.
பக்கத்துக் கத்திரிக்காய்க்காரியிடம் திரும்பி
இன்னொரு தரம் சொன்னார்.
பிறகு சில்லறையை எண்ணிக் கொடுத்தார்,
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

ப்ளூ பேயில் கண்ணாடித் தரைப் படகு, ஆளுக்கு ஐந்நூறு.
"சாப்பாட்டில் கழித்துக்கொள்."
கழித்தேன். ராத்திரிக்கு வாழைப்பழம், பிஸ்கட்.
மீன்களை அவள் பார்த்தாள்.
நான் வாந்தி எடுத்தேன்.
எலுமிச்சை மிட்டாய், இதர, பதினைந்து.

நான்காம் நாள் புயல் எச்சரிக்கை, மூன்றாம் வகுப்பு.
பேருந்து இல்லை, கடை இல்லை, மின்சாரமும் போயிற்று.
வீட்டுக்காரியிடம் மெழுகுவத்தி இரண்டு, நாற்பது.
அந்த வெளிச்சத்தில் கூட்டிக் கழித்து
ஆயிரத்துக்கு மேல் மிச்சம் என்று குதித்தேன்.
கோமளா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
"நாளைக்கு என்ன செய்யலாம்னு
கல்யாணமான நாள்லேர்ந்து ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.
நீயும் கேக்கலை."
தகர ஓட்டில் மழை
ஆணி கொட்டுகிற மாதிரி கொட்டியது.
நோட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

ஐந்தாம் நாள் பக்கம் முழுக்க அவள் கையெழுத்து.
கோடு இல்லை.
அன்னாசி, மிளகாய்ப்பொடி தூவியது. மறுபடி அன்னாசி.
தொப்பி. (பறந்துவிட்டது.)
பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரைக்கும், சும்மா.
இன்னொரு தொப்பி.

கூட்டல் தப்பு.
எவ்வளவு தப்பு என்று எனக்குத் தெரியும்.