காசல்ரீயில் கோட்டை இல்லை

டிக்கோயா தாண்டியதும்
பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டாள்.
"காசல்ரீ! காசல் என்றால் கோட்டை.
நிறுத்துங்கள், கோட்டை எங்கே?"

பெயர் ஒதில். லுவார் ஆற்றங்கரைக்காரி.
அவளுடைய இங்கிலீசும் இரவல், என்னுடையதும் இரவல்.
நான் நீர்த்தேக்கத்தைக் காட்டினேன்.
கோட்டை இல்லை மேடம்,
பெயர் மட்டும் கப்பலேறி வந்தது.
கல் வரவில்லை.

அவள் கையில் ஒரு பட்டியல்:
கிராமம், கோட்டை, சாப்பாடு.
மூன்றையும் ஒரே நாளில் காட்ட
எண்ணாயிரம் பேசியிருந்தேன், பெற்றோல் தனி.

கிராமத்துக்கு லயத்தைக் காட்டினேன்.
பன்னிரண்டு வாசல், ஒரே கூரை,
தகரத்தில் காயும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்.
"இது கிராமமா, ஒரே வீடா?"
அந்தக் கேள்விக்குக் கச்சேரியிலேயே
இன்னும் பதில் எழுதி முடியவில்லை.

கோட்டைக்குப் பெரிய துரை பங்களா.
இப்போது ஹோட்டல்.
கேட்டில் நின்றவன் என்னோடு எட்டாம் வகுப்பு படித்த செபமாலை.
அவளுக்கு ஒரு சல்யூட்,
எனக்குக் கண்ணாலே ஒரு "பொறு."
துரை, குதிரை, மாடியில் உலாவும் வெள்ளைக்காரப் பேய் என்று
வழி நெடுக நான் கட்டி வைத்திருந்த சரித்திரம்
ஓட்டோவுக்குள்ளேயே கிடந்தது.

அரை மணியில் திரும்பினாள்
கடதாசியில் சுற்றிய ஒரு கேக் துண்டோடு.
"சுற்றிலும் தேயிலை,
கோப்பையில் ஆறிப்போன தேத்தண்ணி."
கேக்கை என்னிடம் தந்தாள்.
நல்ல கேக். பொய் சொல்லக் கூடாது.

மஸ்கெலியாவில் மவ்சூக் நானா கடை.
கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வந்த தேங்காய் ரொட்டி,
பக்கத்தில் கட்டச் சம்பல்.
முதல் வாயில் கண் கலங்கினாள்,
மூக்கை உறிஞ்சினாள்,
விரலால் இன்னொன்று என்றாள்.
"எங்கள் ஊரில் சாப்பாட்டோடு வைன் ஊற்றுவோம்."
நானா இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயை வைத்தார்:
"இதுவும் சிவப்புத்தான், குடிக்கச் சொல்லு."

பிறகுதான் மவுசாக்கலை ஞாபகம் வந்தது.
பங்குனி வெயிலில் தண்ணீர் இறங்கிக் கிடந்தது.
பாளம் பாளமாய் வெடித்த சேற்றில் நடந்தோம்,
அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
மூழ்கிய பழைய டவுன்
முழங்கால்வரை எழுந்து நின்றது.
கோயிலின் கல்,
ஒரு படிக்கட்டு, மேலே வீடில்லாமல்.

"டிக்கெட் எவ்வளவு?"
"இன்றைக்குச் சும்மா.
மழை வந்தால் பூட்டிவிடுவார்கள்."
யார் என்று அவள் கேட்கவில்லை.

"எங்கள் பக்கம் ஒரு கோட்டை
ஆற்றின்மேல் பாலம்போல நிற்கும்.
ராணிகள் இருந்தார்கள்.
இங்கே யார் இருந்தது?"

சீலைக்கடைக்காரர், அடைவு பிடிக்கிறவர்,
பேக்கரியில் விடிய விடியப் பாண் போட்டவர்.
"நீங்கள் நிற்கிற இடத்தில்
என் பெரியப்பா சலூன் வைத்திருந்தார்."

பெரியப்பா விசயம் நான் அந்த இடத்திலேயே கட்டியது.
ஆனால் யாரோ ஒருவர்
அங்கே கத்திரி பிடித்திருப்பார்தானே.

ஒதில் கீழே பார்த்தாள்.
காலை மெல்ல எடுத்து
ஓரமாக வைத்தாள்.