எண்பதில் நிறுத்தியபோது

ஏசியை நிறுத்தினால்தான் அளக்க முடியும்.
ஆகஸ்ட், ஷார்ஜா, அல் நஹ்தா, ஒன்பதாம் மாடி.
நிறுத்தினேன்.
மூன்று வருடத்தில் முதல்முறையாக
இந்த வீடு வாயை மூடியது.

மைக் வைக்க முக்காலி இல்லை.
சோபாவின் குறுக்கே இஸ்திரிப் பலகை,
அதன்மேல் இரண்டு பேரீச்சம்பழ டப்பா,
காது உயரம் சரியாக வந்தது.
"அசையாதே" என்றேன் ஹில்டாவிடம்.
"வேர்வை ஓடுதே, அதையும் நிறுத்தவா?"

முன் ஸ்பீக்கர் இரண்டும்
கனடாவுக்குப் போன குடும்பம் விற்றது.
சென்டர், விசா முடிந்த ஒரு கணக்கரின் வீட்டுச் சாமான்.
சப்-வூஃபரை அஜ்மானில் ஒரு பிலிப்பினோ
லிஃப்ட் வரை தானே தூக்கிவந்து தந்தான்,
தந்தபின் அதன் தலையை ஒருமுறை தட்டினான்.
முன்பின் பார்த்திராதவை எல்லாம் ஓர் அறையில்.
எது எவ்வளவு கனம் தாங்கும்
யாரைக் கேட்பது?

சன்னமாய் ஒரு முணுமுணுப்பு வேறு.
சப்பின் ஹம் என்று வயரை மாற்றினேன்.
போகவில்லை.

தொட்டியில் தண்ணீர் நிறைவதுபோல்
ஏறி முடிந்தது சோதனை ஒலி.
ரிசீவர் தீர்ப்புச் சொன்னது:
முன்னவை பெரியவை, நாற்பது.
சென்டர் அறுபது.
பின்னால் இருக்கும் குட்டிகளுக்கு நூற்றைம்பது.

நாலங்குல வாயை வைத்துக்கொண்டு
நாற்பதையும் நானே சுமப்பேன் என்கிறது பார்,
முதல் மாதச் சம்பளத்தில்
ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்தவன் மாதிரி.

அப்படியே விட்டுப் பார்த்தேன்:
இடி விழவில்லை, தகரம் விழுந்தது.
எல்லாவற்றையும் நூற்றிருபதுக்கு ஏற்றினேன்:
திரையில் ஒருவன் பேச
அவன் நெஞ்சு மட்டும் மூலையில்,
ஷூ ரேக் பக்கத்தில் பேசியது.
ஹில்டா அங்கே திரும்பிப் பார்த்துவிட்டு
என்னை முறைத்தாள்.
நூறு. தொண்ணூறு. மறுபடி நூறு.
ஆழத்துக்குத் திசை இல்லை என்கிறார்கள்.
கொஞ்சம் மேலே வந்தாலும்
எங்கே ஒளிந்திருக்கிறோம் என்று
தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எண்பதில் நிறுத்தியபோது
காலிங்பெல்.

கீழ்வீட்டு பாபிக்கர், சூடான்காரர்.
வெள்ளை ஜலாபியா, ரப்பர் செருப்பு.
தெரிந்த அரபியில் மன்னிப்பைக் கோத்துக்கொண்டிருந்தேன்.
அவர் கேட்டது வேறு:
"நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு,
கப்பல் முழுகிவிட்டதா?"

கப்பலா?
"வெகுநேரம் போராடியதே. அப்புறம் சத்தமே இல்லை.
எனக்குத் தூக்கம் வரவில்லை."

கப்பல் இல்லை, லாரி என்றாள் ஹில்டா.
மலையிறக்கத்தில் பிரேக் போன லாரி.
டிரைவர் பிழைத்துக்கொண்டான்.
"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்,
சொந்தக்காரனைப் பற்றிச் சொன்னதுபோல்.

எங்களுக்கிடையே ஒரு சாண் கான்கிரீட்,
யாரும் செட் செய்யாத கிராஸ்ஓவர்.
வசனம், வயலின், கண்ணாடி உடைவது, பெண்களின் சிரிப்பு
எல்லாம் மேலே நின்றுவிட
இடிகிற பாகம் மட்டும் இறங்கிப்போகிறது.
வெள்ளிதோறும் ஒரு படம்,
ஒன்றரை வருடமாய்
இடிகளை வைத்தே கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் வாசலில் நிற்கையில்தான் கவனித்தேன்,
அந்த முணுமுணுப்பு நின்றிருந்தது.
அவர் கையில் போன்,
இன்னும் அணையாத திரையில் ஒரு பெண்பிள்ளையின் படம்.

சப்பை மூன்று டெசிபல் குறைக்கிறேன் என்றேன்.
"வேண்டாம், கதை புரியாது."

உட்காரச் சொன்னோம்.
பலகையை எடுத்துவிட்டுச் சோபாவின் நடு இடம்.
ஓர் ஆள் சேர்ந்ததும் அறை வேறு அறை,
என் அளவெல்லாம் வீண்,
எண்பதா தொண்ணூறா, நாளைக்குப் பார்க்கலாம்.
ஹில்டா ஏசியைப் போட்டாள்.
லாரியை மறுபடி இறக்கத்தில் விட்டேன்.

வளைவு வந்தது.
பாபிக்கர் செருப்பில்லாத வலது காலால்
எங்கள் தரையை, தன் கூரையை,
பலங்கொண்ட மட்டும் அழுத்தினார்.